2034-இல் படகு டிராம்கள் எட்டும் ஓட வேண்டும்: பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: பிளாக்பூல் டிராம் நிர்வாகத்தார், இங்கிலாந்தின் கிரிச் தேசிய டிராம் அருங்காட்சியகத்தார், சான் பிரான்சிஸ்கோ நகரப் போக்குவரத்துத் துறையினர், அவர்களுக்குத் தோள் கொடுக்கும் மார்க்கெட் ஸ்ட்ரீட் ரயில்வே சங்கத்தார், கலிஃபோர்னியாவில் ரியோ விஸ்டா அருகிலுள்ள வெஸ்டர்ன் ரயில்வே அருங்காட்சியகத்தார், மேரிலாந்தின் நேஷனல் கேப்பிட்டல் டிராலி அருங்காட்சியகத்தார்.

அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் ஐந்து இடங்களிலும் சேர்த்து எட்டு வண்டிகள் இருக்கின்றன. இங்கிலாந்தின் பிளாக்பூல் கடற்கரைக்காக 1934-இல் கட்டிய கூரையில்லாத 12 டிராம்களில் மிஞ்சியவை அவை. இரு முனையும் கூம்பி, பக்கங்கள் வளைந்து, தண்டவாளத்தில் மிதக்கிற மாதிரி இருப்பதால் படகு டிராம் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். 2034-இல் அவற்றுக்கு நூறு வயது ஆகிறது. அந்தக் கோடையில் எட்டும் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட வேண்டும், இப்போது எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரிலேயே ஓட வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். எட்டையும் கப்பலேற்றி ஒரே இடத்தில் வரிசையாக நிறுத்திப் படமெடுக்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால் தயவுசெய்து வேண்டாம். அந்தச் செலவில் இரண்டு வண்டிகளின் மோட்டாரைப் பிரித்துப் பழுது பார்த்துவிடலாம்.

தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலப் பிரதி உங்களுக்குத் தனியே வரும். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை சான் பிரான்சிஸ்கோ ஃபிஷர்மேன்ஸ் வார்ஃபுக்குக் கூட்டிக்கொண்டு போகாத தமிழ்க் குடும்பம் அந்த ஊரைச் சுற்றிய வளைகுடாப் பகுதியில் உண்டா? அவர்களும் இதைப் படித்து உங்களைக் கேள்வி கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

சென்னைக்காரனுக்கு பிளாக்பூல் டிராமில் என்ன அக்கறை என்று கேட்கலாம். பிளாக்பூலில் 1885 செப்டம்பர் 29 அன்று மின்சார டிராம் தொடங்கியபோது தலைக்கு மேலே கம்பி கிடையாது. தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு கால்வாய் வெட்டி, அதற்குள் ஓடிய கம்பியிலிருந்து வண்டி மின்சாரம் எடுத்தது. கடல் மணலும் உப்புத் தண்ணீரும் அந்தக் கால்வாயில் இறங்கிப் பாடாய்ப் படுத்த, 1899-இல் மேல்கம்பிக்கு மாறினார்கள். மெட்ராஸில் 1895 மே 7 அன்று இந்தியாவின் முதல் மின்சார டிராம் ஓடியதும் இதே கால்வாய் முறையில்தான். அங்கே கடல் தண்ணீர் செய்த வேலையை இங்கே பருவமழை செய்தது. மெட்ராஸும் மேல்கம்பிக்கு வந்தது. அப்புறம் பாதைகள் பிரிந்துவிட்டன. எங்கள் டிராம் 1953 ஏப்ரல் 12-ஆம் தேதியோடு நின்றுபோனது. பிளாக்பூல் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் பொறாமை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

சரி, படகுகளுக்கு வருவோம். ஒன்றை ஓட்டலாமா நிறுத்தி வைக்கலாமா என்று முடிவெடுக்கும் முன்னால் அது எதற்காகச் செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

அதற்கு முன்பு பிளாக்பூலில் ‘டோஸ்ட்ராக்’ என்று ஒரு வகை வண்டி இருந்தது. 1911-இலிருந்து வந்தவை. கூரை இல்லை, நடைபாதை இல்லை. வண்டியின் முழு அகலத்துக்கும் குறுக்கே மரப் பெஞ்சுகள், பக்கவாட்டில் நீளமாக ஒரு மிதிபலகை, அவ்வளவுதான். பயணி பலகையில் கால் வைத்து நேராகத் தன் பெஞ்சுக்குள் ஏறிக்கொள்வார். கண்டக்டர் பாடுதான் திண்டாட்டம். ஓடுகிற வண்டியின் வெளியே, அந்தப் பலகை மேல் நின்றபடி, ஒரு கையால் கம்பியைப் பிடித்து மறு கையால் காசு வாங்கி டிக்கெட் கொடுத்துக்கொண்டே பெஞ்சு பெஞ்சாக நகர வேண்டும். எதிரே இன்னொரு டிராம் வந்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும். சுற்றுலாப் பயணிகளுக்கு அந்த வண்டிகள் ரொம்பப் பிடிக்கும். வேலை செய்தவர்களுக்குப் பிடித்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

1933-இல் பிளாக்பூல் போக்குவரத்துக்கு வால்டர் லஃப் என்பவர் பொது மேலாளராக வந்தார். அது எந்தக் காலம் என்பதைக் கவனியுங்கள். பிரிட்டனின் நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக டிராமைத் தூக்கிவிட்டு பஸ் வாங்கிக்கொண்டிருந்த நேரம். இவரோ நேரெதிராக, சில ஆண்டுகளிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட புதிய டிராம்களை வாங்க வைத்தார். மூடிய ஒற்றை மாடி வண்டி, மூடிய இரட்டை மாடி வண்டி, மேல்தளம் திறந்த இரட்டை மாடி வண்டி, கூடவே டோஸ்ட்ராக்குக்குப் பதிலாக ஒரு திறந்த வண்டி. பெரும்பாலானவற்றைப் பக்கத்து ஊரான பிரெஸ்டனில் இருந்த இங்கிலிஷ் எலக்ட்ரிக் நிறுவனம் கட்டிக் கொடுத்தது. அதன் பழைய பெயர் டிக் கெர் ஆலை. பெண்கள் கால்பந்து வரலாறு படித்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும்: 1920 டிசம்பரில் அந்த ஆலைப் பெண்களின் அணி ஆடிய ஒரு ஆட்டத்தைப் பார்க்க 50,000 பேருக்கு மேல் கூடினார்கள், மறு வருஷமே பெண்கள் ஆட்டத்துக்கு மைதானம் தரக்கூடாது என்று கால்பந்துச் சங்கம் தடை போட்டது. அது வேறு கதை, ஆனால் அதே ஆலை.

திறந்த வண்டியின் முதல் மாதிரி, எண் 225, 1934 தொடக்கத்தில் வந்தது. மற்ற 11 வண்டிகளும், 226 முதல் 236 வரை, அந்தக் கோடைக்கே வந்துவிட்டன. பச்சையும் பாலேட்டு நிறமும் பூசியவை. 56 பேர் உட்காரலாம். மர இருக்கைகள்தான், ஆனால் நடுவில் நடைபாதை உண்டு, ஏறுவதும் இறங்குவதும் வண்டியின் மத்தியில். கண்டக்டர் முதன்முறையாக வண்டிக்கு உள்ளே நடந்து டிக்கெட் கொடுத்தார். என்னைக் கேட்டால் இந்த வடிவமைப்பின் உண்மையான சாதனை அந்த நடைபாதைதான். படகு மாதிரி வளைவெல்லாம் அதற்கு அப்புறம். ஆனால் புகழ் முழுவதும் வளைவுக்குத்தான் போனது.

கூரை இல்லாததால் வந்த இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். மேல்கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் டிராலிக் கம்பத்தைச் சாதாரண வண்டியில் கூரை மேல் பொருத்துவார்கள். இங்கே கூரையே இல்லை. அதனால் வண்டியின் நடுவே, வாசலுக்கு மேலாக, ஒரு இரும்புக் கோபுரம் எழுப்பி அதன் உச்சியில் கம்பத்தை வைத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அதுதான் பாய்மரம். டிரைவருக்கு முதலில் முன்கண்ணாடிகூடக் கிடையாது. கடற்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டுதான் ஓட்டினார். கண்ணாடியெல்லாம் ரொம்ப வருஷம் கழித்து வந்தது.

இப்போது என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். 1930-களில் பிளாக்பூல் வாங்கியதில் வானம் பார்த்த வண்டிகள் மூன்று வகை. மேல்தளம் திறந்த இரட்டை மாடி வண்டிகள் 13. இந்தப் படகுகள் 12. 1939-இல் வந்த, பாதி உயரக் கண்ணாடியும் சுருட்டி விடுகிற துணிக் கூரையும் கொண்ட ‘சன் சலூன்’ வண்டிகள் 12. போர் வந்தது. கடற்கரைக்கு உல்லாசமாக வந்தவர்களின் இடத்தில் ராணுவத்தினரும் அரசு ஊழியர்களும் வந்தார்கள். குளிர்காலத்திலும் ஓடுகிற வண்டி தேவைப்பட்டது. இரட்டை மாடி வண்டிகளுக்குக் கூரை போட்டார்கள். சன் சலூன்களை மூடினார்கள். படகுகளை மட்டும் ஒன்றும் செய்யவில்லை, ஓரமாக நிறுத்திவிட்டார்கள். வேறு எதற்கும் ஆகாத வண்டி என்று விட்டதால்தான் அவை கட்டியபடியே நமக்குக் கிடைத்தன. உபயோகமில்லாதது பிழைத்தது என்று சொன்னால் மிகையில்லை.

போருக்குப் பிறகு திரும்ப ஓடின. ஆனால் டெப்போ மேலாளரின் கண்ணில் படகு டிராம் ஒரு தலைவலி. காலையில் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விட முடியும். தூறல் விழுந்தால் கூட்டம் பக்கத்து மூடிய வண்டிக்கு ஓடிவிடும், படகு காலியாகத் திரும்பும். லங்காஷயர் கரையில் கோடையும் சொன்ன பேச்சைக் கேட்காது. ஆண்டில் பாதிக்கு மேல் சும்மா நிற்கிற வண்டிக்கும் ஷெட்டில் இடம் வேண்டும், ஆள் வேண்டும். 1961-க்கும் 1963-க்கும் இடையே ஊருக்குள் போன தடங்கள் எல்லாம் மூடப்பட்டன. ஸ்டார் கேட்டிலிருந்து ஃப்ளீட்வுட் வரை கடலோரத் தடம் ஒன்றுதான் மிச்சம். வண்டிகள் அதிகம், வேலை குறைவு. நான்கு படகுகளை உடைத்தார்கள். 1968-இல் மிஞ்சிய எட்டுக்கும் 600 முதல் 607 வரை புது எண் கொடுத்தார்கள். பழைய எண் பட்டியலைப் பார்த்தால் போனவை தெரியும்: 229, 231, 232, 234.

1962-இல் கிளாஸ்கோவும் டிராமை நிறுத்திய பிறகு, 1992-இல் மான்செஸ்டர் புதிதாகத் தொடங்கும் வரை, பிரிட்டனில் மின்சார டிராம் வலம் வந்த ஒரே நகரம் பிளாக்பூல்தான். அங்கே எஞ்சிய எட்டுப் படகுகளும் பழைய பொருள் ஆகிவிட்டன, பழைய பொருளுக்கு வெளிநாட்டில் கிராக்கி வந்தது. இன்றைய கணக்கு இது. 600, 602, 604 பிளாக்பூலில். 607 தன் பழைய எண் 236-ஐத் திரும்பப் பெற்று கிரிச்சில். 601 ரியோ விஸ்டாவில். 606 மேரிலாந்தில். 603-உம் 605-உம் சான் பிரான்சிஸ்கோவில், பழைய எண்களான 228, 233 ஆகவே. பாதிக்குப் பாதி அமெரிக்காவில்.

சான் பிரான்சிஸ்கோவின் இரண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பொதுச் சாலையில் பொதுமக்கள் போக்குவரத்தோடு கலந்து ஓடக்கூடிய வாய்ப்பு அமெரிக்காவில் இவற்றுக்கு மட்டும்தான் இருக்கிறது. 1982-இல் சான் பிரான்சிஸ்கோவின் கேபிள் கார்களை முழுதாகப் புதுப்பிப்பதற்காக நிறுத்தினார்கள். சுற்றுலாக்காரர்களை இழந்துவிடக் கூடாதே என்று 1983-இல் மார்க்கெட் வீதியில் உலகத்துப் பழைய டிராம்களைக் கொண்டுவந்து ஓட்டினார்கள். அந்தக் கோலாகலத்தில் 228 ஒரு நட்சத்திரமாகிவிட்டது. ஒரு கோடைக்கான ஏற்பாடு ஐந்து கோடைகள் நீண்டது. அந்த வரவேற்புதான் 1995-இல், பழைய டிராம்களே ஓடும் நிரந்தரமான எஃப் தடமாக ஆனது. 2000-இல் தடம் கடலோரமாக ஃபிஷர்மேன்ஸ் வார்ஃப் வரை நீண்டது. 2013-இல் 233-உம் வந்து சேர்ந்தது. அதாவது ஊரை மயக்கி எஃப் தடத்துக்கு வழி விட்ட வண்டிகளில் படகும் ஒன்று. ஆனால் அந்தத் தடத்தில் தினமும் ஓடுவது இத்தாலியின் மிலான் வண்டிகளும் பி.சி.சி. எனப்படும் பழைய அமெரிக்க வகை வண்டிகளும்தான். படகுகள் எப்போதாவது, விழா நாளில், அறிவிப்பு வந்தால் உண்டு.

காரணங்கள் எனக்குப் புரியாமல் இல்லை. படி ஏறித்தான் உள்ளே போக முடியும். சக்கர நாற்காலிக்கு வழியில்லை. பொதுப் பணத்தில் ஓடும் வண்டியில் அது சின்ன விஷயம் அல்ல, அதைச் சட்டத் தொல்லை என்று சலித்துக்கொள்ளும் ரசிகர்களோடு நான் சேர மாட்டேன். அதற்கு வழி இருக்கிறது. படகு ஓடும் நேரங்களில் அதன் பின்னாலேயே, ஐந்து நிமிட இடைவெளியில், சக்கர நாற்காலி ஏற வசதியுள்ள வண்டி ஒன்று அதே கட்டணத்தில், அதே நிறுத்தங்களில் வரட்டும். படகு கூடுதல் வண்டியாக இருக்கட்டும், யாருடைய இடத்தையும் அது பிடிக்க வேண்டாம்.

இதைவிடக் கடினமானது ஆள் பிரச்சினை. இன்றைய டிராமில் கைப்பிடியைத் தள்ளினால் மற்றதை எலக்ட்ரானிக்ஸ் பார்த்துக்கொள்ளும். 1934 வண்டியில் டிரைவர்தான் எல்லாம். கைப்பிடியின் முதல் நாட்ச்களில், அதாவது படிநிலைகளில், மோட்டார்கள் தொடர் இணைப்பில் இருக்கும், வேகம் பிடித்த பிறகு பக்க இணைப்புக்கு மாற்ற வேண்டும். இடைப்பட்ட நாட்ச்சில் சோம்பலாக நின்றால் ரெசிஸ்டர் சூடேறிக் கருகும். எப்போது அடுத்த நாட்ச்சுக்குப் போவது என்பது காதுக்கும் முதுகுக்கும் தெரிய வேண்டிய விஷயம். ஆண்டுக்கு இரண்டு நாள் மட்டும் ஓட்டுகிறவருக்கு அது எப்படி வரும்? அடிக்கடி ஓடாததால் பழகிய டிரைவர் இல்லை, பழகிய டிரைவர் இல்லாததால் அடிக்கடி ஓடுவதில்லை. இந்தச் சுழலை உடைக்க, பயிற்சி ஓட்டத்தையே பயணிகள் ஏறும் ஓட்டமாக ஆக்குங்கள் என்பது என் யோசனை. புதியவர் காலிப் படகில் தேறட்டும். தேறிய பிறகு பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, கூட்டத்தோடு ஓட்டிப் பழகட்டும். கோடையில் வாரம் ஒரு நாள், காலை முழுக்க. மழை என்றால் ரத்து, முந்தின நாள் மாலையே அறிவிப்பு. அறிவிப்பைத் தெரிகிற இடத்தில் போடுங்கள். கலிஃபோர்னியாவில் கோடை மழையாவது உங்களைத் தொந்தரவு செய்யாது.

பிளாக்பூலாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2012-இல் புதிய ஃப்ளெக்ஸிட்டி வண்டிகள் வந்து தடம் நவீனமானபோதும் பழைய வண்டிகளை விடாமல் கடற்கரையில் உலா விட்டீர்கள். அதற்கு உலகத்து டிராம் ரசிகர்கள் எல்லோரும் கடமைப்பட்டவர்கள். 2024-இன் கடைசியில் அந்த உலாக்களை நிறுத்துவதாக அறிவித்தபோது வயிற்றைக் கலக்கியது உண்மை. பாதுகாப்பில் சந்தேகம் இருந்தால் நிறுத்துவதுதான் சரி, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. நான் கேட்பது வேறு: மூன்று படகுகளில் ஒவ்வொன்றும் ஓடுவதற்கு என்னென்ன வேண்டும், எவ்வளவு செலவு ஆகும் என்று பொதுவில் எழுதி வையுங்கள். சக்கரமா, ஒயரிங்கா, பிரேக் கம்ப்ரசரா? ‘நிதி வேண்டும்’ என்றால் ஜனங்கள் பெருமூச்சு விடுவார்கள். ‘602-க்கு இரண்டு ஜோடிச் சக்கரம் வேண்டும்’ என்றால் எங்கோ ஒருவர் பர்ஸைத் திறப்பார்.

அதிலேயே ஐந்து பேரும் சேர்ந்து செய்ய வேண்டிய ஒன்றும் இருக்கிறது. எட்டும் ஒரே ஆலையில், ஒரே வரைபடத்தில் பிறந்தவை. ஒரு வார்ப்படப் பாகம் தேய்ந்தால் இப்போது ஒவ்வொருவரும் தனித்தனியாக அச்சு செய்து ஒன்றே ஒன்று வார்க்க வேண்டியிருக்கும். அச்சுக்குத்தான் காசு; ஒன்று வார்த்தாலும் எட்டு வார்த்தாலும் அந்தச் செலவு ஒன்றுதான். கைவசம் உள்ள வரைபடங்களை ஸ்கேன் செய்து ஐந்து இடத்திலும் வையுங்கள். ஒருவர் ஆர்டர் கொடுக்கும் முன் மற்ற நால்வருக்கும் ஒரு மின்னஞ்சல். இதற்குச் சங்கம், தலைவர், பொன்னாடை எதுவும் வேண்டாம். பழுது பார்க்கும் ஐந்து மெக்கானிக்குகள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டால் போதும்.

கிரிச், ரியோ விஸ்டா, மேரிலாந்து மூன்று இடத்திலும் சொந்தத் தண்டவாளமும் மேல்கம்பியும் இருக்கின்றன. ஊர்ச் சாலையின் தொல்லை இல்லை. அதனால் முதலில் ஓட்டிக் காட்ட வேண்டியவர்கள் நீங்கள்தான் என்று நினைக்கிறேன். காட்சிக் கூடத்துக்குள் கயிறு கட்டி நிறுத்தினால் அந்த வண்டியைப் பற்றி ஒரு குழந்தைக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. மேலே கூரை, பக்கத்தில் சுவர், இருக்கையில் உட்காராதே என்று ஒரு பலகை. வானம் பார்த்து உட்காருவதற்கென்றே செய்த வண்டிக்கு இது கொஞ்சம் விசித்திரமான முதுமை. நிறுத்தி வைத்தால் தேயாது என்பார்கள். தேயாதுதான். ஆனால் மோட்டாரில் ஈரம் ஏறும், மரம் பிளக்கும், கன்ட்ரோலருக்குள் மின்சாரத்தை இணைக்கும் உலோக விரல்கள் கறுக்கும், எல்லாவற்றுக்கும் மேல் அதை ஓட்டத் தெரிந்த கடைசி ஆள் ஓய்வு பெற்றுப் போவார்.

2034 தூரம் இல்லை. பழைய டிராம் ஒன்றை முழுதாகப் பிரித்துச் சேர்க்க இரண்டு மூன்று வருஷம் சாதாரணமாக ஆகும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஆகவே இந்த வருஷத்துக்குள் மூன்று விஷயத்துக்குப் பதில் எதிர்பார்க்கிறேன். உங்களிடமுள்ள படகு இன்று ஓடுமா? ஓடாதென்றால் என்ன குறை? நூற்றாண்டுக் கோடையில் அதை ஓட்டப்போகிற டிரைவருக்கு இப்போதே பயிற்சி தொடங்கிவிட்டதா? பதில் ‘இல்லை’ என்றாலும் எழுதுங்கள், அதைத் தமிழில் போட்டு எங்கள் ஆட்களிடம் காட்டுகிறேன். பண உதவி கேட்டால் எங்கள் பக்கத்துக் குடும்பங்களிடம் உண்டியல் ஏந்துவதற்கும் நான் தயார்.

அன்புடன்,
ஒரு டிராம் ரசிகன்